மூன்றாம் அங்கத்துப் பிணம்

மூன்றாம் அங்கத்தில் சாகிறவன் நான்.
செத்த பிறகு இருபத்திரண்டு நிமிடம் கிடக்க வேண்டும்.
சம்பளமே அதற்குத்தான் என்பார் இயக்குநர் கோச்சா.
வசனம் பேச யாரால்தான் முடியாது?

அந்தக் குளிர்காலம், குத்தாயிசியில்,
மின்சாரம் சொல்லாமல் வரும் விருந்தாளி.
காப்பி ஆறுமுன் கிளம்பிவிடும்.
நுழைவுச்சீட்டுக்குப் பணம் வேண்டாம்,
ஆளுக்கொரு விறகுக்கட்டை போதும் என்று
வாசலில் எழுதி ஒட்டியிருந்தோம்.
சிலர் நாற்காலிக் காலைக் கொண்டுவந்தார்கள்.
ஒருவர் ஒரு பியானோ மூடியை.
அவரை முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

கணப்பு கூடத்தின் நடுவில் எரிந்தது.
மேடைவரை அதன் சூடு வந்ததேயில்லை.
மேல்கோட்டுக்குள் நூற்றுப்பத்துப் பேர்.
கையுறையோடு அவர்கள் கைதட்டினால்
பக்கத்து வீட்டில் யாரோ
மெத்தை தட்டுவதுபோல் கேட்கும்.

மேடை விளிம்பில் இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு.
அவற்றை வைத்த பிறகுதான் தெரிந்தது,
வெளிச்சம் கீழிருந்து வந்தால்
மூச்சு தெரியும்.

பேசுகிறவர் வாயில் புகை வந்தால் அது அழகு.
லாமாரா, நாடகத்தில் என் அக்கா,
என் தலைமாட்டில் நின்று சாபமிடும்போது
சொற்கள் வெள்ளையாய் எழுந்து
மேலே திரைக்கயிறுகளுக்குள் போய் மறையும்.
பிணத்தின் மூக்கில் வந்தால்?

என்னென்னவோ செய்து பார்த்தேன்.
பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டேன்,
பல் கூசியதுதான் மிச்சம்.
ஒற்றை நாசியில் தவணைமுறையில் மூச்சுவிட்டேன்.
பின்திரைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் செத்தேன்.
“யாருக்குடா முதுகைக் காட்டுகிறாய்?” என்றார் கோச்சா.

ஒரு வியாழக்கிழமை.
“இவன் இனி யாரிடமும் ரொட்டி கேட்கமாட்டான்”
என்று லாமாரா சொல்லும் இடம்.
அங்கே எப்போதும் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள்.
அன்று ஒரு பையன்: “அம்மா, செத்தவருக்குப் புகையுது.”
சிரிப்பு ஒரு வரிசையில் பற்றி
அடுத்த வரிசைக்குத் தாவுமுன்
நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் ஓசை.
கனத்த காலணி. மரப்படிகள்.
மூன்றாவது படி கிரீச்சிடும். கிரீச்சிட்டது.
கண்ணைத் திறக்க வழியில்லை,
செத்திருந்தேன்.

கம்பளிச் சால்வை ஒன்று முகத்தில் விழுந்தது.
விழவில்லை, போர்த்தப்பட்டது.
ஓரங்கள் தோளுக்கடியில் செருகப்பட்டன,
ராத்திரி எழுந்து பிள்ளைக்குச் செருகுவதுபோல, அவசரமாக.
சீமைமாதுளை வாசம், ஈரநாய் வாசம்.

லாமாரா தடுமாறவேயில்லை.
“நல்லது செய்தாய், பக்கத்து வீட்டுக்காரியே”
என்று யாரும் எழுதாத ஒரு வரியைச் சொல்லிவிட்டு
விட்ட இடத்தில் சாபத்தை எடுத்தாள்.
கூடத்தில் இருமல்கூட இல்லை.
கம்பளிக்கு உள்ளே நான்
வாயைத் திறந்துகொண்டு வயிறுமுட்ட மூச்சுவிட்டேன்.
அவ்வளவு நன்றாக
அதற்கு முன் நான் செத்ததில்லை.

வெள்ளிக்கிழமையே கோச்சா அதைப் பிரதியில் சேர்த்துவிட்டார்.
பார்வையாளரோடு உட்கார்ந்திருந்த எலிசோ
சரியான சொல்லுக்கு எழுந்து
சரியான நடையில் வந்து
மெல்ல, மிக மெல்லப் போர்த்தினாள்.
மெத்தைகள் பலமாகத் தட்டப்பட்டன.
உள்ளே அந்துருண்டை நெடி.
தும்மலை விழுங்கிக்கொண்டு கிடந்தேன்.

சால்வைக்காரியைப் பத்து நாள் கழித்து
ரொட்டி வரிசையில் கண்டேன்.
பையில் வைத்துத் திரிந்ததை எடுத்து நீட்டினேன்.
உதறினாள், முகர்ந்தாள், தோளில் போட்டுக்கொண்டாள்.
ஏன் மேடையேறினீர்கள் என்று கேட்டேன்.
“நடுங்கிக்கொண்டிருந்தீர்களே.”
அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.
நாடகம் எப்படி இருந்தது என்றும் கேட்டுவைத்தேன்.

“பிணத்தில் குறை சொல்வதற்கில்லை.
இரண்டாம் அங்கத்தில் ஒரு காதல் கடிதம் படிக்கிறீர்களே,
அதில்தான் உயிரே இல்லை.”

எனக்கு முன்னால் மூன்றாவது ஆளோடு
ரொட்டி தீர்ந்துவிட்டது.