இதர காரணம்

ஆயுத பூசைக்கு மறுநாள்
எலுமிச்சம்பழம் தொங்கும் நூலுக்குப் பக்கத்தில்
வந்து மாட்டிவிட்டுப் போனார்கள்.
ரோட்டைப் பார்க்க ஒரு கண்,
என்னைப் பார்க்க ஒரு கண்.

கொட்டாவி விட்டால் கத்தும்.
பீடியை எடுத்தால் கத்தும்.
கருப்பூர் தாண்டும்போது இடப்பக்கம் திரும்பி
சேர்வராயன் மலைமேல் ஏறிப்போகும் வெளிச்சங்களைப்
பார்த்தாலும் கத்தும்.
இருபத்திமூன்று வருசமாகப் பார்க்கிறேன்,
அதனால் ஒருநாளும் வண்டி சாய்ந்ததில்லை.

முதல் வாரம் துண்டைப் போட்டு மூடினேன்.
சம்பளத்தில் ஐந்நூறு பிடித்தார்கள்.
அடுத்த வாரம் அதோடு பேச ஆரம்பித்தேன்.
கிளீனர் கிடைக்காமல் போய் நாலு வருசமாச்சு.
பக்கத்து சீட்டில் தண்ணீர்க் கேன், ஜாக்கி,
ஒரு மூட்டை சின்ன வெங்காயம்.
பேச்சுக்கு ஆள் வேண்டுமில்லையா.

போன செவ்வாய்.
ஓசூரில் ஏற்றிய இருபத்தைந்து டன்.
தொப்பூர் இறக்கம், மூன்றாவது கியர், ராத்திரி ரெண்டேகால்.
முன்னால் ராஜஸ்தான் நம்பர் வண்டி ஒன்று,
தார்ப்பாய் ஓரம் படபடக்க இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு வாடை வந்தது.
பிரேக் லைனிங் வேகும் வாடை.
முதலில் முடி கருகுவது போலிருக்கும்,
பிறகு, எப்படிச் சொல்வது, கொஞ்சம் தித்திக்கும்.
மூக்கு சொன்னதைக் கால் கேட்டது,
நடுவில் என்னை யாரும் கேட்கவில்லை.
ஓரம் கட்டி நிறுத்தினேன்.
நாலு நிமிசம்.

கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.
அதுதான் சிக்கல்.
வந்திருந்தால்
என் கையில் ஒரு காரணம் இருந்திருக்கும்.

கொண்டலாம்பட்டியில் டயர் கடைக்கு மேல் மாடி ஆபீஸ்.
கோகிலவாணி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டது:
"ஏனுங்க செங்கோடண்ணா,
தொப்பூர்ல நாலு நிமிசம் எதுக்கு நின்னீங்க?"
திரையைத் திருப்பிக் காட்டியது.
டீ. டீசல். தூக்கம். பஞ்சர். போலீஸ். ஒன்னுக்கு.
"வாடை அடிச்சுதும்மா."
"அது பட்டியல்ல இல்லீங்களே."
இதர காரணம் என்பதை அமுக்கியது.
கீழே வெள்ளையாக ஒரு கட்டம் திறந்தது.
"எப்படி வாடைன்னு சொல்லுங்க, அடிச்சுடறேன்."

சொன்னேன். இறக்கம் என்றேன், கியர் என்றேன்,
முடி கருகுகிற மாதிரி என்றேன்.
"மெதுவாங்ண்ணா. எல்லாம் பெங்களூருக்குப் போவுது.
மிஷின் இதையெல்லாம் படிச்சுக்குதாம்.
பின்னால வர்ற வண்டியெல்லாம் தானா ஓட்டிக்குமாம்."
அது சும்மா சொன்ன பேச்சுதான்.
அந்தப் பிள்ளைமேல் குத்தமில்லை,
அதன் வேலைக்கும் ஒரு மிஷின் வருகிறதாம்.
"வேற ஏதாச்சும் உண்டுங்களா?"
"அவ்வளவுதாம்மா."

தித்திப்பைச் சொல்லவில்லை.

படியிறங்கும்போது டயர் கடைச் சுவரில்
டிரைவர் தேவை, சம்பளம் நேரில்.
கரண்ட் கம்பத்தில் டிரைவர் தேவை, அட்வான்ஸ் உண்டு.
டீக்கடைத் தூணிலும் அதே,
போன் நம்பரில் கடைசி ரெண்டு எழுத்து மழையில் போயிருந்தது.
ஆள் இல்லை என்று அழுகிற அதே வாய்தான்
ஆளே வேண்டாம் என்றும் சொல்கிறது.
எனக்கு நாற்பத்தேழு.
லைசென்சு இன்னும் மூணு வருசம் ஓடும்.
அதற்குள்ளேயா, அதற்கப்புறமா,
அதை மட்டும் எந்தச் சுவரிலும் ஒட்டக் காணோம்.

டீ பாதியிலேயே ஆறிவிட்டது.
என்றைக்காவது ஒரு ராத்திரி
ஆளில்லாத வண்டி அந்த இறக்கத்தில் இறங்கும்.
முன்னால் எவனுக்கோ லைனிங் வேகும்.
பின்னால் ஒரு பஸ் வரும்,
அதில் யார் இருப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்.
திரும்ப மாடியேறிச் சொல்லிவிடலாமா?
ரெண்டு படி ஏறினேன்.
லோடு ரெடி என்று போன் வந்தது.

கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.
என்னைப் பார்க்கும் கண் சிவப்பாக முழித்தது.
சும்மாதான், ஒரு நிமிசம்,
மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.
கத்தவில்லை.