லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்

பகலில் நான் உப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிறவள்.
கடைமடை ஊர்களிலிருந்து
போர்வெல் தண்ணீர்
பழைய குளிர்பானப் பாட்டில்களில் வரும்,
லேபிளைக் கிழித்துவிட்டுப்
பேனாவால் எழுதிய சர்வே எண்ணோடு.
மீட்டரின் முனையை நனைத்து
எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்திருந்து
சொல்வேன்: நெல்லுக்கு ஆகாது.

சாயங்காலம்
திருத்துறைப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால்
மாடி வீட்டில்
நானே உப்பைக் கொட்டிக் கலக்குகிறேன்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
சமையல் உப்பில்லை, சென்னையிலிருந்து வாளியில் வருவது.
அதன் விலையை மதியழகனிடம்
பாதியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.
கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீரை வடிகட்டி ஊற்றினால்
ஆறு கடலாக
என் வீட்டில் ஒரு ராத்திரி போதும்.

கண்ணாடிக்குள் நாடா விலாங்கு.
கறுப்பு ரிப்பன், முதுகோரம் மஞ்சள் ஜரிகை,
மூக்கு நுனியில் இரண்டு இலை.
மாமனாரின் போர்வெல்லில் மிஞ்சிய பிவிசி துண்டை
மணலில் புதைத்துக் கொடுத்தேன்.
அதில் உடம்பைச் சொருகிக்கொண்டு
தலையை மட்டும் நீட்டி
ஓயாமல் வாயைத் திறந்து மூடும்.
"திட்டுதா?" என்றார் மதியழகன்.
இல்லை. மூச்சு விடுகிறது.

வந்ததிலிருந்து தின்னவில்லை.
உயிருள்ள மோலி மீன்களை விட்டேன்,
அதன் மூக்கிலையை உரசிக்கொண்டு போயின.
ஏழாம் நாள்
முத்துப்பேட்டை ஜெகபர்
உப்பங்கழி இறாலைக்
காற்றடைத்த பையில் கட்டிக் கொடுத்தார்.
எதற்கென்று சொன்னதும் சிரித்தார்:
"பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் காட்டுற ஜாதியாச்சே.
உங்களுக்கு எதைக் காட்டுச்சு?"

எதையும் காட்டவில்லை.
இறால்கள் பாறையிடுக்கில் குடித்தனம் தொடங்கின.
பன்னிரண்டாம் நாள்
மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தி.
இலையில் எல்லாம் விழுந்த பிறகும்
எனக்குக் கை போகவில்லை.
பக்கத்து இலைக்காரி
"விரதமா?" என்று கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள் புயல் சின்னம்.
தெருவே இருட்டு.
பேட்டரி பம்ப் மட்டும் தனியாகக் கொப்பளித்தது.
மூடிமேல் இரண்டு செங்கல் ஏற்றியிருந்தேன்;
சுண்டுவிரல் இடுக்குக் கிடைத்தால் போதும்,
காலையில் கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.
ஒரு செங்கல்லை இறக்கிவிட்டு
செல்போனைப் பல்லில் கவ்வி
இடுக்கி நுனியில் செத்த இறாலைப் பிடித்தேன்.
உயிர் இருப்பதுபோல் ஆட்ட வேண்டும்.
நான் ஆட்டவில்லை,
கை தானாக நடுங்கியது.

குழாயிலிருந்து ஒரு சாண்.
இன்னொரு சாண்.
பாய்ந்து, தவறி,
வெறும் தண்ணீரைக் கடித்தது.
மறுபடி
வெடுக்கென்று ஓர் இழுப்பு,
இடுக்கி வழியாக என் முழங்கைவரை.

மதியழகனை உலுக்கினேன்.
"சாப்பிட்டுருச்சு."
"யாரு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

இப்போது வாரத்துக்கு மூன்று தரம்.
தாடையிலிருந்து நீலம் ஏறிக்கொண்டிருக்கிறது.
கறுப்பு பிள்ளைப் பிராயம், நீலம் ஆண்.
என் கையில் அதுவரை பிழைத்துக் கிடந்தால்
முழுக்க மஞ்சளாகிப் பெண்ணாகுமாம்,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இது இடுக்கியைத்தான் நினைக்கிறது.

நேற்று
கோட்டூர்ப் பக்கத்திலிருந்து சிங்காரவேலு வந்திருந்தார்.
நாலு புள்ளி இரண்டு.
போன வருடம் அவருடையது மூன்றுக்குள்.
"இதுல எதும்மா உயிரோட இருக்கும்?"

அவர் வயலுக்கு அதிகமான இந்த உப்பு
என் வீட்டிலிருப்பதற்குப் போதவே போதாது.
இந்தத் தண்ணீரில் விட்டால்
பொழுது சாயுமுன் செத்துப்போகும்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது,
எதற்காகச் சொல்வது?

முத்திரையை மையில் ஒற்றி
தேதிக்கு நேரே குத்தினேன்.
பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்.
கவிழ்த்து, உதறிக் கொடுத்தேன்.