லாசரின் ‘ல’

ஈப்போ கல்கடைக்காரன் விலை சொல்லிவிட்டான்:
கருங்கல், தங்க எழுத்து, ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
பெயர்களைப் போனில் அடித்து அனுப்பு,
மிஷின் வெட்டிக்கொள்ளும் என்றான்.

இரண்டாம் பூசை முடிந்து
மாதா கெபிக்குப் பின்னால் போனேன்.
சிற்றாலயம் என்று பெயர்.
நான்கு பெஞ்சு, ஓடாத ஒரு காற்றாடி.
மழை ஊறிய சுவரில் பழைய பளிங்கு.
பத்திரிகைக்காரர்கள் ஆறு பேர்.

ராயப்பன், எழுத்துக் கோப்பவர்.
அவர் தம்பி இஞ்ஞாசி.
பெரியண்ணன், புரூஃப்.
தேவசகாயம், கணக்கு.
காதர் மொய்தீன், மிஷின்மேன்;
கோயில் கல்லில் அவரும் இருக்கவேண்டும் என்று
அன்றைய பங்குச்சாமி ஒருவரோடும் பேசாமல் இருந்தாராம்,
நாற்பது நாள்.
கடைசியில் லாசர்.
சைக்கிளில் லயம் லயமாய்ப் பேப்பர் போட்ட பையன்.
சம்பளப் புத்தகத்தில்கூட அவன் பெயர் இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில்
அச்சகத்தைப் பூட்ட வந்த லாரி
ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனது.
சயாமுக்கு, தண்டவாளம் போட.
எழுத்துகள் மூட்டை மூட்டையாய் உருக்கப் போயின.
கிராணி வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில்
ஒரு சிகரெட் டின் ஈயம் மட்டும் தப்பியது.

சண்டை முடிந்து
கல் வெட்டிய ஆ சோங்குக்குத் தமிழ் தெரியாது.
எழுதிக்கொடுத்த தாளில்
கடைசி வரியின் முதலெழுத்தை மழை தின்றுவிட்டது.
டின்னைக் கிளறி
ஒரு ஈய ‘ல’ எடுத்துக் கையில் வைத்தார்கள்.
பார்த்தபடியே வெட்டினார், அது முகம் திருப்பி நிற்க.
அச்செழுத்து அப்படித்தான் இருக்கும் என்று
சொல்லத் தெரிந்தவர்கள்
கல்லில் இருந்தார்கள்.

எழுபது வருடமாய் அதைப் பிழை என்கிறோம்.
கேட்டிகிசம் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
நானும் சிரித்தவள்தான்.

ஐந்து பெயரை அடித்துவிட்டேன்.
ஆறாவதுக்கு விரல் நின்றது.
போனில் எத்தனை ‘ல’,
எல்லாம் நேராக.

செம்பனை ஆலையில் சங்கு ஊதியது.
வியர்த்த உள்ளங்கையை
அந்த வரியில் வைத்து அழுத்தினேன்,
வலிக்கும் வரை.
எடுத்துப் பார்த்தால்
சகரமும் ரகரமும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க
‘ல’ மட்டும் என்னைப் பார்த்தது,
சிவப்பாக, சரியாக.
யாரிடமாவது காட்டலாமென்று வாசலுக்கு வருவதற்குள்
சதை நிரம்பிவிட்டது.

கல்கடைக்காரனுக்கு எழுதினேன்:
பழையதைக் கழுவ மட்டும்
எவ்வளவு ஆகும்?