தொண்ணூற்றிரண்டு பேருக்குப் புகை

காற்றாடிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தொண்ணூற்றிரண்டு என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.
ஆளுக்கு வெந்தது இருநூறு கிராம்.
தன் பங்கென்று புகை பாதியை எடுத்துக்கொள்ளும்,
ஆகவே பச்சையாய் நானூறு.
பதினேழு பேர் மாடு தின்னார், அவர்களுக்குக் கோழி.
ஐந்து பேர் இரண்டும் தின்னார்.
அவர்களுக்கு மரச்சீனியை முழுக் கிழங்காகத்
தொங்கவிடலாம் என்றான் கிளாட்வின்.
நறுக்கும்போதே வாய்க்குள் போவதற்கு
நான் கணக்கு வைக்கவில்லை.

அடுப்புதான் பாடு.
ஆரல்வாய்மொழியில் எங்கள் கம்பெனிக்கு
நூற்றுப் பதினொன்று காற்றாடி உண்டு,
பெரிய அடுப்பு ஒன்று கிடையாது.
வீடு வீடாய்க் கேட்டேன்.
தாணுலிங்கத்தின் எண்ணெய்ப் பீப்பாய், நெடுக்கே பிளந்தது,
இடப்பக்கம் எப்போதும் கூடச் சுடும்.
ஜெனோவாவின் மண்தாழி, மூடி சரியாய் உட்காராது.
நாகூர்மீரான் கொண்டுவந்தது பீரோ.
ஆமாம், பீரோ. கல்யாணத்துக்கு வந்தது.
பெயின்ட் போகும்வரை இரண்டு நாள் வெறுமனே எரித்து,
கண்ணாடியைக் கழற்றி,
தட்டுத் தட்டாய்க் கம்பிவலை வைத்திருந்தான்.
லாக்கர் மட்டும் திறக்கவில்லை.

விறகில் சண்டை வந்தது.
ரப்பர் மலிவு, குலசேகரத்திலிருந்து ஒரு டெம்போ வரும்.
ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் பின்னால் வளர்ந்த ஜெனோவா
மூக்கைப் பொத்திக் காட்டினாள்.
சரி, புளியும் கொல்லாவும்,
முடிவில் கொஞ்சம் சிரட்டை.

வெள்ளி இரவு பத்துக்கு பீரோ.
பன்னிரண்டுக்கு பீப்பாய்.
காலை ஏழுக்குத் தாழியில் கோழி.
மதியம் ஒன்றுக்கு இலை.

ஐந்து மாதம் ஏணி ஏறி இறங்கிய முழங்கால்களுக்குத்தான்
இந்தச் சாப்பாடு.
ஐப்பசி பிறந்தாயிற்று, இனிக் காற்று இராது
என்று எல்லாரும் சொன்னோம்.
காற்றைச் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இரண்டே கால் மணிக்கு
கணவாய் வழியாக வந்தது.
பீப்பாய் நூற்றிருபதிலிருந்து இருநூறுக்கு ஏறியது.
தாழியின் மூடி உருண்டு ஓடி வேலிமுள்ளில் போய் நின்றது.
மேலே இருட்டில் ஒவ்வொன்றாய்ச் சுற்றத் தொடங்கின,
தூக்கத்தில் புரள்கிறவர்கள் மாதிரி.
பழக்கதோஷத்தில் யாரோ, நல்ல உற்பத்தி, என்றான்.
திட்டுவதற்கும் நேரமில்லை.

போன வருஷம் ஒடிந்த இறக்கையின் நுனி
யார்டில் கிடந்தது, மூன்று ஆள் நீளம்.
எட்டுப் பேர் தூக்கிவந்து
பக்கவாட்டில் நிறுத்தி ஜீப்பை முட்டுக்கொடுத்தோம்,
பைபர் ஆச்சே என்று தீயிலிருந்து பத்தடி தள்ளி.
காற்று அதன் வளைவில் ஏறி
எங்கள் தலைக்குமேல் போய்விட்டது.
பீப்பாய் மெல்ல இறங்கியது. நான் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு இறைச்சியின் உள்சூடு அறுபத்தெட்டு.
ஏழுக்கும் அறுபத்தெட்டு.
எட்டுக்கும்.
ஊசி கெட்டுப்போச்சு என்று தாணுலிங்கம் துடைத்துத்
தன் கக்கத்தில் வைத்துப் பார்த்தான்.
முப்பத்தேழு. கெடவில்லை.
வெந்நீரில் கழுவித் தந்தான், இரண்டு தடவை.
அதுக்கு வியர்க்குது, என்றாள் ஜெனோவா,
வியர்வை நிற்காம சூடு ஏறாது.
வாழையிலையில் சுற்றித் திரும்ப வைத்தோம்.
விறகைத் திணித்து அவசரப்படுத்தப் போன என் கையை
அவள் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு ஆட்கள் வந்தார்கள்.
தொண்ணூற்றிரண்டு இல்லை, நூற்றிநான்கு.
கோழி அரை மணியில் எலும்பாயிற்று.
பிறகு பசி சுற்றிப்பார்த்தது.
பீரோவின் கீழ்த்தட்டில்
ஐந்து பேருக்கென்று தொங்கிய மரச்சீனி,
தோல் கருத்து, உள்ளே வெண்ணெய்.
காந்தாரி முளகை உப்போடு நசுக்கி
யாரோ ஆரம்பித்துவைத்தார்கள். முடிந்தது.

மாடு இறங்கியது மூன்று நாற்பதுக்கு.
முட்டத்து மீன்பெட்டியில், தெர்மாகோலுக்குள்,
இன்னும் ஒரு மணிநேரம் அது உறங்க வேண்டும் என்றபோது
கிளாட்வின் என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஐந்தரைக்கு வெட்டினோம். கத்தி தேவைப்படவில்லை.
அதுவரை ஒருவரும் போகவில்லை, அதை எழுதிவைக்கிறேன்.

அந்த ஐந்து பேர் மோரும் பப்படமும் சாப்பிட்டார்கள்.
பரவாயில்லை என்றார்கள்.
அன்றைய யூனிட் கணக்குக்குக் கீழே
நோட்டில் என் கையெழுத்து:
மரச்சீனி, இருபது கிலோ, பாக்கி.