மூன்றாவது கையுறை

டிசம்பரில் தொலைந்தது வலது கை.
ஹெல்டூர் அப்படித்தான் சொன்னார், வாசலில் நின்று
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டியபடி:
“மைரே, வலது கையைத் தொலைத்துவிட்டேன்.”
ஒரு நொடி கரண்டியும் நானும் அப்படியே நின்றோம்.
திரும்பிப் பார்த்தேன். கை இருந்தது,
சிவந்து, விறைத்து.
உறைதான் இல்லை.

காலை நாலு மணிக்குப் பனிவாரி வண்டியை எடுப்பவர்.
வோரு வரை முப்பது கிலோமீட்டர்.
திரும்புவதற்குள் வாரிய பாதை மறுபடி வெள்ளை.
எந்த வளைவில் இறங்கி
எந்தக் கண்ணாடியைத் துடைத்தாரோ.

இடது உறை மட்டும் அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்தது,
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் எடுத்து மேசையில் பரப்பிக் கண்களை எண்ணினேன்.
சுற்றுக்கு ஐம்பத்தாறு. ஐந்து ஊசி.
மணிக்கட்டில் சிவப்புப் பல்வரிசை,
அதற்கு மேல் கறுப்பில் வெள்ளை நட்சத்திரங்கள்.
பெட்டியில் கறுப்பு இருந்தது, வெள்ளை இருந்தது.
கடையில் கிடைத்த சிவப்பு ஒரேயடியாகக் கத்தியது.
அதனால் அவருடைய பழைய ஸ்வெட்டரின் கழுத்தைப் பிரித்தேன்.
கேட்கவில்லை.
பிரிந்த நூலுக்குப் பழைய வளைவுகள் மறக்கவில்லை.
நனைத்து, பால் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன்,
அடம் தீரட்டும் என்று.

மூன்றரைக்கே இருட்டிவிடும்.
உருளைக்கிழங்கு கீழே, பார்லி மேலே, தண்ணீர் மூழ்க.
வேகும்வரை கிண்டக் கூடாது.
ஒரு சுற்று பின்னினால் ஒரு தடவை மூடியைத் தூக்கலாம்
என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.
பன்றிக் கொழுப்பில் வெங்காயம் வதங்கும்போது
அந்த விதியும் வதங்கிவிடும்.

மின்சாரம் போன மாலை ஒன்றில்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கறுப்பென்று எடுத்தது
சிவப்பாம்.
நாலு சுற்று தாண்டி விடிந்தபிறகே தெரிந்தது.
பிரிக்க மனமில்லை. இருக்கட்டும்.

ஜனவரியில் பழைய உறை வந்து சேர்ந்தது.
யாரோ கண்டெடுத்து, பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தின் தலையில்
விரல் மேலாக மாட்டியிருந்தார்கள்.
பேருந்து ஓட்டும் லைதா இரண்டு முறை வேகம் குறைத்தாளாம்,
யாரோ கை காட்டுகிறார் என்று.

இப்போது மூன்று. வலது மட்டும் இரண்டு.
“இன்னொரு கை முளைக்க வைக்கிறேன்” என்றார் ஹெல்டூர்.
நான் சிரிக்கவில்லை.
அறுவை ஆலையில் இடது கையை விட்டுவந்த
எல்மார் நினைவுக்கு வந்தார்.
குளிருக்குக் குளிர் ஒரு ஜோடி வாங்குவார்.
அவர் வீட்டில் எத்தனை இடது உறைகள்
மடிப்புக் கலையாமல் கிடக்கும் என்று
இத்தனை வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.

புதியதைச் செய்தித்தாளில் சுற்றினேன்.
கொடுப்பது எளிது,
கொடுக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?
அவர் வீட்டுப் படலின் ஆணியில் மாட்டிவிட்டு
திருடியைப் போலத் திரும்பினேன்,
என் காலடித் தடம் பனியில் வரிசையாகப்
பெயர் சொல்லிக்கொண்டிருக்க.

நாலு நாள் சத்தமில்லை.
ஐந்தாம் நாள் கதவு தட்டும் ஓசை.
ஒரு கையே போதும் அதற்கு.

“கட்டைவிரல் இறுக்குகிறது” என்றார் எல்மார்.
வணக்கம், நன்றி, ஒன்றும் இல்லை.
உட்கார்ந்தார். கையை மேசைமேல் நீட்டினார்.
நூலை விரலைச் சுற்றி அளந்தேன்.
மரத்தூள் ஏறிய நகம், மூட்டில் பழைய தழும்பு.
நான் கட்டைவிரலைப் பிரிக்க, அவர் நூலைப் பார்த்து,
“இந்தச் சிவப்பு ஹெல்டூரின் கழுத்துதானே?” என்றார்.

ஹெல்டூர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.
பிறகு என்னை.
பிறகு எழுந்து அலமாரிப் பக்கம் போனார்.

அப்போதுதான் வாசனை வந்தது.
“அடி பிடித்துவிட்டது” என்று பாய்ந்தேன்.
“எனக்கு அடிதான் பிடிக்கும்” என்று
தட்டை நகர்த்தினார் எல்மார்.
சுரண்டிப் போட்டேன்.
அலமாரிக்குள்ளிருந்து ஹெல்டூர் ஏதோ கேட்டார்.
கரண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.