மூன்றரை

பதினான்கு பாட்டு. பதினேழு விருந்தாளி.
அறுபத்து மூன்று வயதில் டோரீன் ஒக்கர்ஸ்
ஆடச் சொல்லி ஒரு தொகுப்பு விட்டிருக்கிறாள்:
'ஈரத் தரை.'
வெள்ளி பின்னேரத்துக்குள் முந்நூறு சொல்,
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்,
மறுகா ஒன்று, என்றார் வேல்நாயகம் ஐயா,
மீன் பாடுறதைப் பற்றி எழுதிப்போடாத பிள்ளை.

எழுதமாட்டேன்.
ஆனால் ஐந்தாவது பாட்டு
வாவிக்கு அடியில் எடுத்த சத்தத்தோடுதான் தொடங்குகிறதாம்.
டொரன்டோவிலிருந்து ஒரு பொடியன் சேர்த்தது.
எனக்கு அது எங்கள் கந்தோர்க் குழாய்,
வொஷர் தேய்ந்தது,
வேறொன்றுமில்லை.

முதல் தடவை கேட்டது கல்முனை பஸ்ஸில்.
கல்லடிப் பாலம் ஏறும்போது
காதுக்குள் வலது பக்கம் செத்துப்போனது.
இடது பக்கம் முழுக்க விருந்தாளிகள்:
சென்னைப் பையன் தன் பெயரைத் தானே நாலு தரம் சொல்கிறான்,
நீர்கொழும்புக்காரன் பைலாவை வெட்டி வெட்டி ஒட்டுகிறான்,
கோலாலம்பூரில் ஒருத்தி
மூச்சு மட்டும் விட்டுக் காசு வாங்கியிருக்கிறாள்.
டோரீன் எங்கேயோ அடுத்த அறையில்,
தன் வீட்டுக் கலியாணத்திலேயே
சோற்றுக் கிடாரத்துக்குக் கிட்ட ஒதுங்கி நிற்பவள் போல.
ஆரையம்பதி தாண்டுமுன் தீர்ப்பு எழுதிவிட்டேன்:
'குத்தகைக்கு விட்ட குரல்.'
நல்ல வரி. எனக்கே பிடித்தது.
களுவாஞ்சிக்குடி வரைக்கும்
அதை இன்னும் கொஞ்சம் கூராக்கிக்கொண்டு போனேன்.

கல்முனையில் நிஹ்மத்தின் கடை.
வயரைக் கிழித்துப் பார்த்தான்.
"இது சரிவராதுக்கா."
காருக்குப் பூட்டுகிற பெட்டிகள் இரண்டை மேசையில் வைத்து
"இதுல கேளுங்க" என்றான்.
அவன் கை பட்டது ஏழாவதில்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி
இரண்டாம் அடியில் ஒரு தாளம் முந்தி வருகிறாள்.
பிழை.
டோரீன் சிரிக்கிறாள். அதையும் யாரும் வெட்டவில்லை.
சிரிப்பு முடியுமுன்
அந்தப் பிழைக்குள்ளேயே இறங்கித்
தானும் முந்துகிறாள்.
கடை வாசலில், ஹெல்மெட் கழற்றாத ஒருவன்
பெற்றோல் தாங்கியில் விரலால் தட்டினான்.
எனக்குக் கால் பெருவிரல்.
சப்பாத்துக்குள், ஆருக்கும் தெரியாது.

எல்லோரும் பதினோராவதைத்தான் புகழப்போகிறார்கள்.
விருந்தாளி இல்லை. கைதட்டு, அவள், அவள் வீட்டுப் பறங்கிப் பாஷை.
ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
'இதோ அசல் டோரீன்' என்று எழுத வசதி.
எனக்கோ அது
விளக்கெல்லாம் போட்டுவிட்டு
ஆள் வராத மண்டபத்தைக் கூட்டுகிற சத்தம்.
அழகுதான்.
ஆனால் ஆட்டத்துக்கு ஆள் வேண்டும்.
அது தெரிந்துதான் அவள் பதினேழு பேருக்குச் சொல்லி அனுப்பினாள்.
ஏழு பேர் போதும்.
மூச்சுக்காரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

'குத்தகைக்கு விட்ட குரல்' வெட்டுப்பட்டது.
நொந்தது.
மூன்றரை என்று போட்டு அனுப்பினேன்.

ஞாயிறு பத்திரிகையில் நாலு நட்சத்திரம்.
"அரை நட்சத்திரம் நம்மட எழுத்துருவில இல்ல பிள்ளை.
இறக்கவா ஏத்தவா எண்டு பார்த்தன்.
பாவம், டச்பார்ல பிறந்த பெட்டைதானே,
வயசும் போயிற்று."

பாவமா?
பிழைத் தாளத்துக்குள் தெரிந்துகொண்டே குதித்தவளுக்கா?
எனக்குக் கை நடுங்கியது.
வாற கிழமை திருத்தம் போடுங்க, என்றேன்.
மூன்று.

வேல்நாயகம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.
பின்னால் கந்தோர்க் குழாய்
சொட்டியது,
ஒரு தாளம் முந்தி.