ஐம்பது வாட்

செம்மஞ்சேரி வரை தெளிவாகக் கேட்கும் எங்கள் குரல்.
சோழிங்கநல்லூர் சிக்னலில் கரகரக்கும்.
அதற்கப்பால் வேறொரு பண்பலைக்காரன்
நகைக்கடை விளம்பரத்தோடு மேலே ஏறி உட்கார்ந்துகொள்வான்.

உரிமத்தில் இருக்கிறது:
செய்தி வாசிக்கக் கூடாது.
தகவல் சொல்லலாம்.

தண்ணி லாரி மூணு நாளாய் வரவில்லை
என்பது இதில் எது?
ஒன்றரை மணி நேரம் பேசினோம்.
வடை ஆறிப்போனது.
"வரும்னா தகவல், வரலைன்னா செய்தி" என்றார்
கணக்குப் பார்க்கும் தேவசகாயம்.
ரிஸ்வானா எதுவும் சொல்லவில்லை.
ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு
பெரும்பாக்கத்தின் காற்றில் போனது இவ்வளவுதான்:
அடிபம்பின் கைப்பிடி கிறீச்சிடுகிறது.
உள்ளே காற்று இருமுகிறது.
ஒரு காலிக் குடம் உருண்டு எதிலோ மோதுகிறது.
யாரோ திட்டுகிறார்கள்
(பாதியை வெட்டிவிட்டோம்).
மறுபடி கைப்பிடி.
மறுபடி.
வர்ணனை கிடையாது, பாட்டு கிடையாது.

லிஃப்ட் ஓடாத பிளாக்கில், எட்டாவது மாடியில்,
இயர்போன் ஒயரை ஆன்டெனாவாக
ஜன்னல் கம்பியில் சுற்றிவைத்துக் கேட்கும் சொர்ணாம்பா
போன் செய்தார்:
"அது நம்ம பம்புதானே?
அந்தக் கைப்பிடி ஆட்டம் எனக்குத் தெரியும்.
என் தோள்பட்டைக்கும் தெரியும்."
அதையும் அப்படியே ஒலிபரப்பினோம்.

லாரி வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.
இப்போது நேரம் ஏழு பதினாறு.
அதைச் சொல்ல அனுமதி உண்டு.